மதுச்சார்பு நோய்க்குறித்தொகுப்பு

குடிப்பழக்கம் எந்த நிலையில் நோயாகிறது என்பதை மருத்துவர் கண்டறிவதற்காக வகுக்கப்பட்ட வரையறை மதுச்சார்பு நோய்க்குறித்தொகுப்பு. இலண்டன் உளமருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த கிரிஃபித் எட்வர்ட்ஸும் (1928–2012) நியூயார்க்கைச் சேர்ந்த மில்டன் குரோஸும் 1976 மே மாதம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை வெளியிட்டனர். சில பக்கங்களே கொண்ட கட்டுரை அது. இது தற்காலிக விவரிப்பு என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தார்கள். இன்று உலகெங்கும் போதைச்சார்பை அறியப் பயன்படும் அளவுகோல்களில் முக்கியமானவை அதிலிருந்து கிளைத்தவையே.

மிதமிஞ்சிய குடி ஒரு நோய் என்ற கருத்து அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. கடற்படை மருத்துவர் தாமஸ் டிராட்டர் 1804இலேயே அதை மனத்தின் நோய் என்று எழுதினார். 1960இல் ஆய்வாளர் ஜெல்லினெக் குடிநோயாளிகளை ஐந்து வகையாகப் பிரித்தார். ஆனால் நடைமுறையில், வேலை போனவரையும் வீட்டில் அடிதடி செய்பவரையும் கல்லீரல் கெட்டவரையும் பார்த்துத்தான் நோய் என்று முடிவு கட்டினார்கள். நோய் முற்றிய பிறகு, அதன் விளைவுகளைக் கொண்டு நோயைக் கண்டுபிடிக்கும் முறை அது.

எட்வர்ட்ஸ் இந்தியாவில் பிறந்தவர். தென் இலண்டனில் டென்மார்க் ஹில் பகுதியிலுள்ள மாட்ஸ்லி மருத்துவமனையில் உளமருத்துவராகப் பயின்றார். அருகிலிருந்த கேம்பர்வெல்லின் வீடற்றோர் தங்குமிடத்தில், தெருவில் குடித்துக் கிடந்தவர்களை 1960களில் ஆராய்ந்தார். 1967இல் உளமருத்துவ நிறுவனத்தில் தொடங்கிய போதைப்பழக்க ஆய்வுப் பிரிவுக்கு அவரே தலைமை ஏற்றார். நோயாளி தன் அன்றாடத்தைச் சொல்லச் சொல்லக் கேட்டு, திரும்பத் திரும்ப ஒன்றுசேர்ந்து வரும் கூறுகளைப் பிரித்தெடுப்பது அவர் வழி.

1976 கட்டுரை அப்படி ஏழு கூறுகளைச் சொல்கிறது. முதலாவது, குடிக்கும் விதம் சுருங்கிப்போவது. சாதாரணமாகக் குடிப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மாதிரி, வேலைநாளில் ஒரு மாதிரி, கல்யாண வீட்டில் இன்னொரு மாதிரி. சார்பு ஏற ஏற இந்த வேறுபாடுகள் மறைந்து, எல்லா நாளும் ஒரே அளவு, ஒரே நேரம் என்றாகிவிடும். இரண்டாவது, மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிக் குடி முன்னால் வந்து நிற்பது. பிள்ளையின் பள்ளிக் கட்டணமா, இன்றைய குவார்ட்டரா என்ற கேள்விக்கு விடை முன்கூட்டியே முடிவாகிவிடும். மூன்றாவது, முன்பு தள்ளாட வைத்த அளவு இப்போது ஒன்றும் செய்யாதபடி உடல் பழகிக்கொள்வது.

நான்காவதையும் ஐந்தாவதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரத்தத்தில் மது குறைந்ததும் கை நடுங்கும், வியர்க்கும், குமட்டும், காரணமில்லாத பயம் பிடிக்கும். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கும். அந்த அவதியைப் போக்கவே காலையில் ஒரு கட்டிங் தேவைப்படுகிறது. முந்தின இரவே கொஞ்சம் மிச்சம் வைத்துத் தலைமாட்டில் மறைப்பவர் இந்தக் கட்டத்தை அடைந்துவிட்டார். போதைக்காகக் குடித்தவர் இப்போது நடுக்கம் நிற்பதற்காகக் குடிக்கிறார். ஆறாவது, குடித்தே ஆகவேண்டும் என்ற உந்துதலைத் தனக்குள் தானே உணர்வது. ஏழாவது, நிறுத்தியவர் மறுபடி தொடங்கினால் பழைய நிலை விரைந்து திரும்புவது. பல ஆண்டுகளில் உருவான சார்பு சில நாள்களிலேயே திரும்பிவிடலாம். மாலை போட்டு ஒரு மண்டலம் சுத்தமாக இருந்தவர், மாலையைக் கழற்றிய அதே வாரத்தில் பழைய அளவுக்குப் போய்விடுவதை இந்தக் கூறு விளக்குகிறது.

ஏழும் எல்லாரிடமும் இருக்க வேண்டியதில்லை. இருப்பவையும் ஒரே கடுமையில் இருப்பதில்லை. ‘உண்டு, இல்லை’ என்ற தீர்ப்புக்குப் பதிலாக ‘எவ்வளவு’ என்று கேட்கக் கற்றுத்தந்ததுதான் இந்த வரையறையின் பெரிய கொடை. அதே அளவு முக்கியமானது, சார்பையும் குடியால் வரும் கேடுகளையும் இரண்டு தனி அச்சுகளாகப் பிரித்தது. ஒருநாள் குடித்துவிட்டு வண்டி ஓட்டி விபத்துக்குள்ளானவரிடம் சார்பு இல்லாமலிருக்கலாம். வேலைக்கு ஒழுங்காகப் போய், யாரோடும் சண்டையிடாத ஒருவர் கடுமையான சார்பில் இருக்கலாம். நம் ஊரில் இந்த இரண்டாமவர்தான் கண்ணில் படாமல் போகிறார். அவரை ‘அளவாகக் குடிப்பவர்’ என்று குடும்பமே நம்பிக்கொண்டிருக்கும்.

சார்பின் அளவு முக்கியம் என்பதற்கு உளவியலாளர் ஜிம் ஆர்ஃபோர்டும் எட்வர்ட்ஸும் இலண்டனில் நடத்திய சோதனை வலுச்சேர்த்தது. மணமான 100 ஆண் குடிநோயாளிகளில் ஒரு பாதிக்கு வழக்கமான முழுச் சிகிச்சை. மறு பாதிக்கு மனைவியோடு உட்கார வைத்து ஒரே ஒரு அமர்வில் அறிவுரை. ஓராண்டு கழித்து இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டாண்டு முடிவில், சார்பு முற்றியவர்களில் தேறியோர் பெரும்பாலும் முழுச் சிகிச்சை பெற்றவர்கள் என்பதும், லேசான நிலையில் இருந்தவர்களுக்கு அறிவுரையே பலன் தந்தது என்பதும் தெரிந்தன.

நிறுத்தியவர் மறுபடி அளவோடு குடிக்க முடியுமா என்ற சர்ச்சையும் மாட்ஸ்லியில்தான் வெடித்தது. அங்கே சிகிச்சை பெற்ற 93 பேரில் 7 பேர் இயல்பான குடிக்குத் திரும்பிவிட்டதாக உளமருத்துவர் டி. எல். டேவிஸ் 1962இல் எழுதினார். எட்வர்ட்ஸ் அந்த ஏழு பேரையும் பற்றி மீண்டும் விசாரித்து 1985இல் முடிவை வெளியிட்டார். ஐந்து பேருக்குக் குடிச்சிக்கல் தொடர்ந்திருந்தது. டேவிஸ் பார்த்த காலத்திலும் அது இருந்திருக்கிறது. சிக்கலின்றிக் குடித்த இருவரில் ஒருவருக்குத் தொடக்கத்திலிருந்தே கடுமையான சார்பு இருந்ததில்லை. தன் மருத்துவமனையின் புகழ்பெற்ற முடிவையே திரும்பச் சோதித்த இந்த நேர்மை பாராட்டத்தக்கது.

வரையறை விரைவில் பரவியது. 1979இல் 20 கேள்விகள் கொண்ட சார்புக் கடுமை வினாப்பட்டியல் வந்தது. அமெரிக்க உளமருத்துவர்களின் 1987ஆம் ஆண்டுக் கையேடு இதைத் தழுவி, மற்றப் போதைப்பொருள்களுக்கும் விரித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய் வகைப்பாடு ஆறு அறிகுறிகளைத் தந்து, ஓராண்டுக்குள் மூன்று ஒருங்கே இருந்தால் சார்பு என்றது. அதே நிறுவனத்துக்காக உருவான ‘ஆடிட்’ பட்டியல் பத்தே கேள்விகள் கொண்டது. மொத்தம் 40 மதிப்பெண்ணில் 8 வந்தாலே எச்சரிக்கை. அதன் ஆறாவது கேள்வி, காலையில் எழுந்ததும் குடிக்க நேர்ந்ததா என்பதுதான்.

குறைகளும் சுட்டப்பட்டன. ஏழாவது கூறுக்கு ஆதாரம் போதாது என்றனர் பலர். பிற்கால வகைப்பாடுகளின் அறிகுறிப் பட்டியல்களில் அது இடம்பெறவில்லை. 2013இல் வந்த அமெரிக்கக் கையேடு சார்பையும் கேட்டையும் ஒன்றாக இணைத்து 11 அறிகுறிகளாக்கியது. எவ்வளவு என்ற கேள்வி அதில் லேசு, நடுத்தரம், கடுமை என்று பிழைத்திருந்தாலும், எட்வர்ட்ஸ் பிரித்து வைத்த இரண்டு அச்சுகள் கலைந்துவிட்டன. பதினோராம் உலக வகைப்பாடு சார்பைத் தனியே வைத்துக்கொண்டது. இந்த இடத்தில் அதுவே சரியான முடிவு.

தமிழகத்தில் குடிநோய்ச் சிகிச்சையின் முன்னோடி, சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம். 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்திவரும் மாநிலத்தில், சார்பின் கடுமையை அறிவது உயிர் காக்கும் காரியம். லேசான சார்புள்ளவர் மருத்துவரின் ஒரு பேச்சிலேயே குறைத்துக்கொள்ளக்கூடும். காலைக் குடி வரை போனவர், குடும்பத்தார் அறையில் பூட்டி வைத்ததால் திடீரென நிறுத்த நேர்ந்தால், ஓரிரு நாளில் வலிப்பும், அதையடுத்துப் புத்திமாறாட்டமும் வந்து உயிர் போகலாம். அவருக்கு மருத்துவமனைக் கண்காணிப்பும், நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும், தயாமின் ஊசியும் வேண்டும்.