அடுக்கு

கணிப்பொறிக்கு நிரல் எழுதும் சாஸ்திரத்தில் ஸ்டாக் என்றும் அடுக்கு என்றும் வழங்கும் தரவமைப்பாவது, கடைசியாகச் சேர்ந்தது எதுவோ அதுவே முதலில் வெளியேற வேண்டும் என்னும் ஒரே நியதிக்கு உட்பட்ட சேமிப்பு முறையாகும். கை நிறைய வளையல் அணிந்தவள், கடைசியில் ஏற்றியதைக் கழற்றாமல் முதலில் ஏற்றியதைக் கழற்ற இயலாதது போல, இங்கும் உச்சியில் உள்ளதை மட்டுமே தீண்டலாம். உச்சியில் ஒன்றை இடுவது 'புஷ்'; அங்கிருந்து ஒன்றை எடுப்பது 'பாப்'. இக்கட்டுப்பாடு குறைபோலத் தோன்றினும் பெரும் சௌகரியமே: நினைவகத்தில் இடம் முன்பே ஒதுக்கப்பட்டிருப்பின், உச்சியைக் காட்டும் சுட்டி ஒன்றே போதுமாகையால், உள்ளே பத்து எண்கள் இருப்பினும் பத்து லட்சம் இருப்பினும் இடுவதற்கும் எடுப்பதற்கும் ஆகும் காலம் மாறுவதில்லை.

பாதியில் நிறுத்திய காரியங்களை ஞாபகம் வைப்பதற்கென்றே அடுக்கு பிறந்தது எனலாம். ஒரு துணைநிரல் மற்றொன்றை அழைக்க, அது வேறொன்றை அழைக்க, இறுதியாக அழைக்கப்பட்டது முடிந்த பின்னரே முந்தியது தொடர முடியும். ஆலன் டூரிங் 1946இல் இங்கிலாந்தின் தேசியப் பௌதிக ஆய்வகத்துக்கு அளித்த அறிக்கையில், இவ்வாறு திரும்ப வேண்டிய இடத்தைக் காப்பதற்குப் 'புதைத்தல்', 'தோண்டியெடுத்தல்' என்று பொருள்படும் பெயர்களை இட்டார். ம்யூனிக் நகரத்து பிரீட்ரிக் பாயரும் கிளாஸ் ஸாமெல்சனும், நிலவறையைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லால் இதனைக் 'கெல்லர்' என்றழைத்து, 1957இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர்; அக்காலத்திலேயே ஆஸ்திரேலியாவில் தத்துவ அறிஞர் சார்லஸ் ஹாம்ப்ளினும் தனித்தே இக்கருத்தை அடைந்தார்.

இவர்களுள் பிந்திய மூவரும் கருதியது முக்கியமாகக் கணித வாக்கியங்களின் மதிப்பைக் காண்பதே. 3 + 4 × 2 என்பதை, குறிகளைப் பின்னே தள்ளி 3 4 2 × + என்று எழுதினால் அடைப்புக்குறிக்கும் முன்னுரிமை விதிக்கும் வேலையே இல்லை. எண்கள் மூன்றும் கிரமமாக அடுக்கில் ஏறும். பெருக்கற்குறி வந்ததும் உச்சியிலுள்ள 2, 4 இரண்டும் இறங்கி 8 ஏறும். கூட்டற்குறி அந்த 8ஐயும் அடியிலுள்ள 3ஐயும் எடுத்து 11ஐ வைக்கும். 1972இல் வெளிவந்த ஹெச்.பி.-35 என்னும் கைக்கணிப்பான், நான்கே நிலைகள் கொண்ட அடுக்கால் இம்முறையைப் பொறியியலாளர் கைக்குக் கொண்டுவந்தது.

தன்னைத் தானே அழைக்கும் துணைநிரல்களும் அடுக்கையே நம்பியுள்ளன. ஒவ்வோர் அழைப்பின் மாறிகளும் தனித்தனியே அதில் ஏறுகின்றன. எங்கே நிற்பது என்னும் நிபந்தனையை எழுத மறந்தால், ஒதுக்கிய இடம் நிரம்பி வழிந்து நிரல் முறிந்துவிடும். காலியான அடுக்கிலிருந்து எடுக்க முயல்வது இதற்கு நேர்மாறான பிழை. அதனாலேயே அடுக்கு காலியா என்று வினவும் செயல் ஒன்றும் உடன் வழங்கப்படுகிறது.