வாயு திரவமான வரலாறு

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே இலங்கை எங்கும் மக்கள் வெற்றுச் சிலிண்டர்களுடன் வரிசையில் நின்றனர். கண்டி நகரும் அதற்கு விலக்கன்று. பல வீடுகளில் விறகடுப்பு மீண்டும் புகைந்தது. ஆனால் அதற்குப் 11 ஆண்டுகள் முன்னரே, 2011இல், மன்னார்க் கடற்படுகையின் இரு கிணறுகளில் இயற்கை வாயு கண்டறியப்பட்டிருந்தது. அவ்வாயுவைச் சிலிண்டரில் அடைத்து மலைநாட்டுக்குக் கொணரலாகாதா என்ற வினா எழுவது இயல்பே. அதற்கான விடை விஞ்ஞான வரலாற்றில் அடங்கியுள்ளது.

1823இல் மைக்கல் பரடே என்னும் ஆங்கில அறிஞர், மூடிய கண்ணாடிக் குழாயொன்றினுள் குளோரீன் வாயுவை அதன் சொந்த அமுக்கத்தாலேயே திரவமாக்கினார். பின்னர் வேறு பல வாயுக்களும் அவருக்கு வசமாயின. ஆயினும் ஒட்சிசன், ஐதரசன், மெதேன் உள்ளிட்ட ஆறு வாயுக்கள் பணியவில்லை. 'நிலையான வாயுக்கள்' என்றே அவை பெயர் பெற்றன. இயற்கை வாயுவின் பெரும்பகுதி இந்த மெதேனே.

இதன் காரணத்தை 1869இல் விளக்கியவர் பெல்பாஸ்ட் நகரப் பேராசிரியர் தோமஸ் அன்ட்ரூஸ். ஒவ்வொரு வாயுவுக்கும் ஓர் அவதி வெப்பநிலை உண்டு. அதற்கு மேலே எத்துணை அமுக்கினாலும் அது திரவமாகாது. சமையல் வாயுவிலுள்ள புரொப்பேனுக்கு அவ்வெல்லை ஏறத்தாழ 97 சென்ரிகிரேட் பாகை, பியூட்டேனுக்கு 152. கண்டியின் நண்பகல் வெப்பமும் இவற்றுக்கு மிகக் கீழே. ஆதலின் வெறும் அமுக்கத்தாலேயே அவை சிலிண்டரில் திரவமாய் நிற்கின்றன. மெதேனின் எல்லையோ பூச்சியத்துக்குக் கீழே 82 பாகை. நுவரெலியாவின் உறைபனியும் அதற்கு வெயிலே!

அமுக்கிய வாயுவைத் திடீரென விரியவிட்டால் அது குளிர்கிறது. இவ்வழியால் 1877இல் பிரான்சின் கைலெற்றே ஒட்சிசனையும் மூடுபனிபோல் திரவமாக்கிக் காட்டினார். இன்றைய ஆலைகளில் இயற்கை வாயுவிலுள்ள நீராவியும் காபனீரொட்சைட்டும் முதலில் அகற்றப்படுகின்றன. இல்லையேல் அவை உறைந்து குழாய்களை அடைத்துவிடும். பின்னர் படிப்படியாகக் குளிரூட்டப்படும் வாயு, பூச்சியத்துக்குக் கீழே 162 பாகையில் சாதாரண வளிமண்டல அமுக்கத்திலேயே திரவமாக நிற்கிறது. அப்போது அதன் கனவளவு 600இல் ஒரு பங்காக ஒடுங்கிவிடுகிறது.

இக்கலை உயிர்களையும் காவுகொண்டது. 1944இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இத்தகைய தாங்கியொன்று பிளந்து தீப்பற்றியதில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடுங்குளிரில் நொறுங்காத உலோகமே வேண்டுமென்பது அதன்பின் உறுதியாயிற்று. 1959இல் 'மெதேன் பயனியர்' என்ற கப்பல் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு இத்திரவத்தை நலமே கொண்டுசேர்த்தது.

ஆகவே மன்னார் வாயு கரைசேர்ந்தாலும் கண்டி வீட்டுச் சிலிண்டரில் அது திரவமாய் அடங்காது. குழாய்வழியே மின்னிலையத்தை அடைந்து, மின்சாரமாகி மலையேறுவதே அதற்கு எளிய வழியாகும்.