1967, கலிபோர்னியா: துவக்கு யார் கையில் இருந்தது?

அமெரிக்காவில் துவக்குக் கட்டுப்பாடு எண்டதும் எங்கட மனசில ஒரு படம் வரும். எங்கேயோ ஒரு பாடசாலையில் துப்பாக்கிச் சூடு நடக்கும். ஜனநாயகக் கட்சிக்காரர் சட்டத்தைத் திருத்தச் சொல்லுவார்கள். குடியரசுக் கட்சிக்காரரும் என்.ஆர்.ஏ. என்ற தேசிய ரைபிள் சங்கமும் குறுக்கே நிற்பார்கள். 1967 இல் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. திருத்தத்தைக் கொண்டுவந்த டொன் மல்ஃபோர்ட் குடியரசுக் கட்சிக்காரர். கையெழுத்து வைத்த ஆளுநர் ரொனால்ட் ரீகனும் அதே கட்சி. என்.ஆர்.ஏ.யும் ஆதரவு.

அந்த நேரம் அங்கே ரவை ஏற்றிய துவக்கை, மறைக்காமலும் யாரையும் குறிபார்க்காமலும், தெருவில் கொண்டுபோகலாம். 1966 ஒக்டோபரில் ஓக்லண்ட் நகரில் ஹியூ நியூட்டனும் பொபி சீலும் கருஞ்சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கியபோது கையில் எடுத்தது இந்தச் சட்டத்தைத்தான். நியூட்டன் சட்டத்தை வரிவரியாகப் படித்தவர். கறுப்பினச் சாரதி ஒருவரைப் பொலிஸ் மறித்தால், கட்சிக்காரர் இறங்கிக் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். கையில் துவக்கு, கூடவே சட்டப் புத்தகம். மறிக்கப்பட்டவருக்கு இருக்கிற உரிமைகளை அவருக்குக் கேட்கும்படி வாசிப்பார்கள். பொலிசுக்குக் கொதி வரும். ஆனா துவக்கு வைத்திருந்ததற்காகப் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை.

1967 ஏப்ரல் 1 அன்று நோர்த் ரிச்மண்டில் டென்சில் டவல் என்ற 22 வயதுக் கறுப்பின இளைஞரை ஷெரிப்பின் உதவி அதிகாரி ஒருவர் சுட்டுக் கொன்றார். விசாரித்த ஜூரிகள் அது நியாயமான கொலை என்று முடித்துவிட்டார்கள். கட்சிப் பத்திரிகையின் முதல் இதழ் அவரைப் பற்றியதுதான். மல்ஃபோர்ட்டின் சட்டமூலம் வந்ததும் அதே ஏப்ரலில்.

மே 2 அன்று சுமார் முப்பது பேர், பலர் துவக்குகளோடு, தலைநகர் சக்ரமெண்டோவுக்குப் போனார்கள். சட்டமன்றப் புல்வெளியில் ரீகன் பாடசாலைப் பிள்ளைகளோடு நின்றிருந்தார். வந்தவர்கள் நேரே உள்ளே போய், கூட்டம் நடந்துகொண்டிருந்த மண்டபத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். கறுப்பின மக்களை நிராயுதபாணிகளாக்கவே இந்தச் சட்டம் என்ற அறிக்கையை சீல் வாசித்தார். மறுநாள் நாடு முழுக்கப் பேச்சு இதுதான். விளம்பரமாகப் பார்த்தால் பெரிய வெற்றி. மல்ஃபோர்ட்டுக்கோ, தேடின காரணம் வீடு தேடி வந்த மாதிரி. சட்டமூலம் இன்னும் இறுகியது. சட்டமன்றக் கட்டடத்துக்குள் ஆயுதம் கொண்டுவரவும் தடை சேர்ந்தது.

ஜூலை 28 அன்று ரீகன் கையெழுத்திட்டார். அவசரச் சட்டம் என்பதால் உடனேயே அமுலுக்கு வந்தது. அவசரத்துக்கான காரணமும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது: குழுக்களும் தனியாட்களும் பொது இடங்களில் ஆயுதம் தரிப்பது கூடிவருகிறதாம். எந்தக் குழு என்று பெயர் இல்லை. வாசித்த எவருக்கும் அது தேவைப்பட்டிருக்காது.

இப்படியான சட்டம் அங்கே புதுசும் இல்லை. அடிமை முறை முடிந்த 1865 இலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலையான கறுப்பினத்தவர் அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அதில் ஆள் யார் என்பது வெளிப்படையாகவே இருந்தது. நூறு வருசத்துக்குப் பிறகு சொற்கள் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டன, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், ரவை ஏற்றிய துவக்கோடு தெருவில் திரியக் கூடாது என்பது நல்ல சட்டம். கருஞ்சிறுத்தைகளின் துவக்கை வீரக்கதையாக்குகிற எழுத்துகளோடும் எனக்கு ஒத்துப்போகாது. ஆனா அவர்கள் துவக்கு தூக்கினதே பொலிசின் துவக்குக்குப் பதிலாக. மல்ஃபோர்ட் சட்டம் ஒரு பக்கத்துத் துவக்கை மட்டும் இறக்கி வைத்தது. டவலைச் சுட்ட துவக்கைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

1977 இல் என்.ஆர்.ஏ.யின் தலைமை கடும்போக்காளர் கைக்குப் போனது. 1980 இல் அந்தச் சங்கம் முதல் தடவையாக ஒரு ஜனாதிபதி வேட்பாளரை ஆதரித்தது. அவர் பெயர் ரொனால்ட் ரீகன். அவர் கையெழுத்திட்ட தடை அப்போதும் கலிபோர்னியாவில் அமுலில்தான் இருந்தது.