உறவின்முறையும் தீக்குச்சியும்

தொழில் வளர்ச்சியைப் பற்றி எழுதுவோர் பணம், இயந்திரம், மூலப்பொருள் ஆகியவற்றையே முதலாக எண்ணுவர். இவற்றுள் எதிலும் சிறந்திராத ஒரு கரிசற்காட்டு ஊரில் மூன்று புதிய தொழில்கள் அடுத்தடுத்துத் தழைத்தமைக்கு அவ்வெண்ணத்தில் விடை கிடையாது. அவ்வூர் சிவகாசி.

19-ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம் சீமையின் நாடார் வணிகர் ஊர்தோறும் பேட்டைகள் அமைத்தனர். வண்டியும் சரக்கும் அங்கே காவலோடு தங்கின. சரக்கின்மேல் ஒவ்வொருவரும் தந்த சிறுதொகையே மகமை. உறவின்முறை என்னும் சபை அதனைக் காத்தது. கோயிலும் கிணறும் பள்ளியும் அதனால் எழுந்தன. காமராசர் பயின்ற விருதுநகர் சத்திரிய வித்தியாசாலையும் அவ்வழி வந்ததே. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றியது. பேரேட்டில் ஏறாத நம்பிக்கை இவ்வாறு முதலாகத் திரண்டது.

ஆயினும் உறவு மட்டுமே புதுமையைப் பயக்குமா? பயக்காது என்பதே என் துணிபு. ஒரே வட்டத்தில் உழல்வோர் அறிந்தது ஒன்றாகவே இருக்கும். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றனரே, அதுவே திருப்பம். (பிறமாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.)

1923-இல் அவர்கள் ஊர் திரும்பியபின் உறவு தன் வேலையைச் செய்தது. ஒருவர் கற்றது பங்காளிக்கும் மைத்துனருக்கும் பரவிற்று. சட்டத்தில் குச்சி அடுக்குதல், மருந்து முக்குதல், வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டுதல் எனத் தொழில் சிறுசிறு கைவேலைகளாகப் பிரிந்தது. சுவீடன் நாட்டார் நிறுவிய கம்பெனி இயந்திரத்தால் செய்ததை இப்பட்டறைகள் கைகளால் செய்து எதிர்நின்றன. சிறு உற்பத்தியாளர்க்குக் கலால் வரியிற் காட்டப்பட்ட சலுகையும் பின்னர்த் துணைநின்றது. தீப்பெட்டி தந்த இரசாயனப் பழக்கம் பட்டாசுக்கு வழிகாட்டிற்று. பெட்டிமேல் ஒட்டும் வண்ணச் சீட்டோ அச்சுத்தொழிலையே ஊருக்குள் அழைத்து வந்தது.

அக்கைகளுட் பல சிறுவருடையவை. வட்டத்தினுள் இருந்தோரைப் பள்ளிக்கு அனுப்பிய அதே கட்டுக்கோப்பு, கூலிக்கு வந்த பிள்ளைகளைத் தன்னவராகக் கருதவில்லை. இதனை மறைத்து எழுதுவது வரலாறாகாது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் குழந்தைகளை அமர்த்துவதைத் தடைசெய்தது. சிவகாசியை முன்னிட்டு எழுந்த வழக்கில் 1996-இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளிகள் செலுத்த வேண்டும் என ஆணையிட்டது.