ஒன்பதாம் மாடிக்கு வராத செய்தி

எம்மவர் வேலை செய்யும் குசினிகளில் சுவரில் ஒரு தீயணைப்புக் கருவி தொங்கும். பக்கத்தில், நெருப்புப் பிடித்தால் என்ன செய்யவேண்டும் என்று அந்நாட்டு மொழியில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கும். மொழி விளங்காதவர்க்கு அது வெறும் கடதாசி. ஆனால் இப்படியான விதிகள் முதலாளிமாரின் நல்ல மனதால் வந்தவையல்ல. எங்களைப் போலப் பிழைக்க வந்தவர்கள் செத்த பிறகே பல விதிகள் எழுதப்பட்டன.

1911இல் நியூயோர்க்கில், பெண்களின் மேற்சட்டை தைக்கும் தொழிலில் பெரிய பெயர் ட்றையாங்கிள் கொம்பனிக்கு இருந்தது. பத்து மாடிக் கட்டிடமொன்றின் மேல் மூன்று மாடிகளும் அதனுடையவை. வேலையாட்கள் ஏறக்குறைய 500 பேர். பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த யூத, இத்தாலியப் பெண்கள். 14 வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். தீப்பிடிக்காத கட்டிடம் என்று அதற்குப் பெயர். அது பொய்யுமல்ல; இன்றும் அது பல்கலைக்கழகக் கட்டிடமாக நிற்கிறது. எரிந்தது உள்ளே இருந்த துணியும் மனிதரும்தான்.

மார்ச் 25, சனிக்கிழமை பின்னேரம், வேலை முடிகிற நேரம். 8ஆம் மாடியில் வெட்டு மேசையின் கீழ்க் குவிந்திருந்த துணித்துண்டுகளில் தீப்பற்றியது. வாளியால் தண்ணீர் ஊற்றினார்கள், அடங்கவில்லை. குழாயைத் திறந்தார்கள், தண்ணீர் வரவில்லை. அங்கிருந்து 10ஆம் மாடிக் கந்தோருக்குத் தொலைபேசியில் செய்தி போனது. முதலாளிகள் மக்ஸ் பிளாங்கும் ஐசாக் ஹரிஸும் அன்று அங்கே இருந்தார்கள். கூரைக்கு ஏறித் தப்பினார்கள். இடையிலிருந்த 9ஆம் மாடிக்கு ஒருவரும் சொல்லவில்லை. அபாய மணியும் இல்லை. அங்கே செய்தி கொண்டுவந்தது நெருப்பேதான்.

9ஆம் மாடியில் ஒரு பக்கக் கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகிறவர்கள் மற்றப் பக்கத்தால் போய்க் கைப்பையைத் திறந்து காட்டவேண்டும். களவு போகாமலிருக்க இந்த ஏற்பாடு. வெளியே இருந்த இரும்புப் படி பாரம் தாங்காமல் உடைந்தது. தீயணைப்புப் படையின் ஏணி அந்த உயரத்துக்கு எட்டவில்லை. லிப்ற் இயக்கிய ஜோசப் ஸிட்டோவும் காஸ்பர் மோர்ட்டில்லாறோவும் திரும்பத் திரும்ப மேலே போய் ஆட்களை இறக்கினார்கள். அவர்களும் இத்தாலியிலிருந்து வந்தவர்கள்தான். பலர் யன்னலால் குதித்தார்கள். 146 பேர் இறந்தனர்; அதில் 123 பேர் பெண்கள்.

களவு போன பொருளின் பெறுமதி 25 டொலரைத் தாண்டாது என்று வழக்கில் ஹரிஸே ஒத்துக்கொண்டார். ஆனாலும், அந்த நேரத்தில் கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்பது நிரூபணமாகவில்லை என்று இருவரும் விடுதலையானார்கள். 1913இல் பிளாங்க் மறுபடியும் வேலைநேரத்தில் கதவைப் பூட்டிவைத்துப் பிடிபட்டார். குற்றப்பணம் 20 டொலர். 1914இல் இறந்தவர் ஒருவருக்கு 75 டொலர் என்று இழப்பீட்டு வழக்குகள் முடிந்தன.

நீதிமன்றம் செய்யாததைத் தெருவில் இறங்கிய தொழிலாளர் செய்வித்தார்கள். 1909இலேயே இந்தக் கொம்பனிப் பெண்கள் தொடங்கிய போராட்டம் 20,000 பேரின் வேலைநிறுத்தமாக வளர்ந்திருந்தது. தீக்குப் பிறகு நியூயோர்க் மாநிலம் விசாரணைக்குழு அமைத்தது. வெளிப்பக்கம் திறக்கும் கதவு, வேலைநேரத்தில் பூட்டாத வாசல், தீயணைப்பு ஒத்திகை, தானாக நீர் தெளிக்கும் குழாய் எல்லாம் சட்டமாயின. பெண்கள் குதித்ததைத் தெருவில் நின்று பார்த்த பிரான்ஸிஸ் பேர்க்கின்ஸ் அக்குழுவுக்காக உழைத்தார். 1933இல் அமெரிக்காவின் தொழில் அமைச்சரானார்.

சட்டம் வந்ததோடு கதை முடியவில்லை. 1991 செப்டெம்பர் 3இல் வட கரோலினாவின் ஹம்லெற் என்ற சிற்றூரில், கோழி பொரித்து உணவகங்களுக்கு அனுப்பும் தொழிற்சாலை எரிந்தது. பொரிக்கும் எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் இயந்திரக் குழாயொன்று கழன்று, அதன் எண்ணெய் அடுப்பில் சீறியது. 25 பேர் இறந்தனர். அங்கேயும் கதவுகள் பூட்டியிருந்தன. இந்த முறை கோழி களவு போகாமலிருக்க! 11 வருடங்களில் ஒரு பாதுகாப்பு அதிகாரியும் அந்த வாசலை மிதித்ததில்லை. 2012இல் டாக்காவின் தஸ்றீன் ஆடைத் தொழிற்சாலையில் அபாய மணி அடித்தது. மேற்பார்வையாளர்கள், போய் வேலையைப் பாருங்கள் என்றார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் எரிந்துபோயினர்.

மூன்று இடத்திலும் வேலையாளை விடப் பொருள் பெரிதாயிருந்தது. ஒரு கொம்பனி ஆபத்துக்கு எவ்வளவு ஆயத்தம் என்பதைச் சுவர்க்கடதாசியில் பார்க்க முடியாது. கடைசிக் கோப்பை கழுவுகிறவனுக்குச் செய்தி எப்போது போகிறது, அவன் பக்கத்துக் கதவு திறக்குமா என்றுதான் பார்க்கவேண்டும். விசா இல்லாமல் கறுப்பில் வேலை செய்கிறவன் பூட்டிய கதவைப் பற்றி வாய் திறக்கமாட்டான். திறந்தால் வேலை போகும், நாடும் போகும். கையில் விசா உள்ள நாம்தான் அவனுக்காகவும் கேட்கவேண்டும்.