துணை சர்வர் எதைக் காத்தது? டிஎன்எஸ் நகலும் பேக்கப்பும் பிரிந்த வரலாறு

பல ஹோஸ்டிங் சர்வர்களை ஒரே டிஎன்எஸ் தொகுப்பின் கீழ் நடத்துவோரிடையே ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது: ஸோன் கோப்பு இரண்டு மூன்று நேம்சர்வர்களில் இருப்பதால் அதற்குத் தனி பேக்கப் வேண்டியதில்லை என்பது. இதைப் பிழை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது எப்படித் தோன்றியது என்பதற்கு அந்த மறுப்பில் விடை இல்லை. 1987இல் இந்த எண்ணம் பாதி உண்மையாக இருந்தது. 1996ஐ ஒட்டிய மாற்றங்களே அதைப் பொய்யாக்கின என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்த வாதத்துக்குக் குறுக்கே நிற்பது ஆர்.எஃப்.சி. 2182. ராபர்ட் எல்ஸ், ராண்டி புஷ், ஸ்காட் பிராட்னர், மைக்கேல் பேட்டன் ஆகிய நால்வர் எழுதி 1997 ஜூலையில் வெளிவந்த இந்த ஆவணமே துணை சர்வர்களைப் பற்றிய பிற்காலப் புரிதலுக்கு அடித்தளம். ஒவ்வொரு ஸோனும் குறைந்தது இரண்டு சர்வர்களிலாவது கிடைக்க வேண்டும் என்று பால் மொக்கபெட்ரிஸின் ஆர்.எஃப்.சி. 1034 நிர்வாக ஆணையாகவே விதித்திருந்தது. அந்த இரண்டாவது சர்வர் எங்கே இருக்க வேண்டும் என்பதே 2182இன் தலையாய கேள்வி. புவியியலாலும் நெட்வொர்க் அமைப்பாலும் அவை சிதறியிருக்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்களுக்கு மூன்று சர்வர் தகும், அவற்றில் ஒன்றாவது நன்கு விலகியிருக்க வேண்டும் என்கிறது. நிறுவனத்தின் நெட்வொர்க்கே துண்டிக்கப்பட்டால் டிஎன்எஸ் பதில் கிடைத்து என்ன பயன் என்று கேட்போருக்கும் அது தனிப் பகுதி ஒதுக்கி விடை சொல்கிறது. இதில் எதையும் நான் மறுக்கவில்லை. 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் நான்கு டிஎன்எஸ் சர்வர்களும் ஒரே நெட்வொர்க் பகுதியில் இருந்ததால், ஒரு ரௌட்டர் மாற்றத்தில் அந்நிறுவனத்தின் தளங்கள் கண்ணுக்கு எட்டாமல் போயின. நால்வரின் எச்சரிக்கைக்கு அதைவிடச் சான்று வேண்டாம். நான் வேறுபடுவது ஓரிடத்தில்தான். துணை சர்வரின் பயனை இடம் சார்ந்த ஒன்றாகவே இந்த வாசிப்பு காண்கிறது. மூல வடிவமைப்பில் காலமும் அதே அளவு எடை பெற்றிருந்தது என்பதை அது கண்டுகொள்ளவில்லை.

1987 நவம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1035இல் ஐஎஸ்ஐ என்ற கலிஃபோர்னிய ஆய்வு நிறுவனத்துக்கான ஸோன் கோப்பு ஒன்று மாதிரியாகத் தரப்பட்டிருக்கிறது. ஏ, வெனெரா, வாக்ஸா என மூன்று நேம்சர்வர்கள். வெனெராவும் வாக்ஸாவும் 128.9.0.32, 128.9.0.33 என ஒட்டியே இருக்கின்றன. ஆனால் அவற்றின் அர்பாநெட் முகவரிகள் 10.1.0.52, 10.2.0.27. அன்றைய முறைப்படி கடைசி எண், கணினி இணைந்திருக்கும் முனையத்தைக் குறிக்கும். ஆக இரண்டும் வெவ்வேறு முனையங்கள் வழியே வெளியுலகைத் தொட்டன. மூன்றாவதான ஏ-யின் முகவரி 26இல் தொடங்குகிறது, அது மில்நெட். பாதைகளைப் பிரிக்கும் எண்ணம் 1997க்கு வெகு முன்பே இருந்தது என்பதற்கு இது போதும். எனக்கு இதைவிட முக்கியம் கோப்பின் தலைப்பகுதி. வரிசை எண் 20, புதுப்பிப்பு இடைவெளி 7200 வினாடி, மறுமுயற்சி 600, காலாவதி 3600000. அதாவது துணை சர்வர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கும். வரிசை எண் உயர்ந்திருந்தால் மட்டும் புதிய நகலை எடுக்கும். முதன்மை சர்வர் மாண்டே போனாலும் ஏறத்தாழ 42 நாள் தன் நகலை நம்பிப் பதில் தரும். கெட்டுப்போன கோப்பு துணை சர்வருக்குப் போய்ச் சேர இரண்டு தடைகள் இருந்தன: ஒன்று காலம், மற்றொன்று வரிசை எண்ணைக் கையால் உயர்த்தும் நிர்வாகி.

இது வெறும் மாதிரி, அதிலுள்ள எண்களுக்கு இவ்வளவு பொருள் கற்பிக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அதே மாதிரியின் அஞ்சல்பெட்டிப் பட்டியலில் மோ, லாரி, கர்லி என்ற நகைச்சுவை நடிகர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் அதே மாதம் மார்க் லாட்டர் நிர்வாகிகளுக்காக எழுதிய ஆர்.எஃப்.சி. 1033உம் காலாவதிக்கு அதே 3600000ஐத்தான் நல்ல அளவு என்று பரிந்துரைக்கிறது. இன்னொரு மறுப்பு வலுவானது: நீண்ட இடைவெளி அன்றைய மெல்லிய இணைப்புகளைச் சிக்கனமாகப் பயன்படுத்த வந்தது, காப்புக்காக அல்ல. புதுப்பிப்பு இடைவெளிக்கு இது பொருந்தும். காலாவதிக்குப் பொருந்தாது. அதை 42 நாளாக வைத்தாலும் 4 நாளாக வைத்தாலும் முதன்மை சர்வர் உயிரோடிருக்கும்வரை இணைப்பில் ஒரு பைட்டுகூட மிச்சமாவதில்லை. தாயற்ற நகலை எவ்வளவு காலம் நம்பலாம் என்ற தீர்மானம் மட்டுமே அந்த எண்ணில் இருக்கிறது. இதை முழு அர்த்தத்தில் பேக்கப் என்று சொல்ல நான் துணியவில்லை. பழைய பதிப்புகள் எதுவும் அதில் தங்குவதில்லை. பேக்கப் செய்யும் வேலையில் ஒரு பகுதியை அது செய்தது என்பதே என் கூற்று.

அந்தப் பகுதி கரைந்த காலத்தை ஓரளவு குறிக்க முடிகிறது. 1996 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 1912 காலாவதியை இரண்டு முதல் நான்கு வாரமாகக் குறைக்கச் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் முறையை ஆர்.எஃப்.சி. 1995உம், மாற்றம் நடந்ததும் துணை சர்வர்களுக்கு உடனே சொல்லியனுப்பும் முறையைப் பால் விக்ஸியின் ஆர்.எஃப்.சி. 1996உம் வகுத்தன. இரண்டு மணி நேரம் சில வினாடிகளாயிற்று. நெறிமுறை வெளியான நாளும் அது நடைமுறைக்கு வந்த நாளும் ஒன்றல்ல என்பதால், இத்திருப்பத்தை 1996 என்று ஆணியடிக்காமல் தொண்ணூறுகளின் பிற்பகுதி என்று கொள்வதே தகும். வரிசை எண் என்ற இரண்டாவது தடை எப்போது விழுந்தது என்பதற்கு ஒற்றைத் தேதியே கிடையாது. கண்ட்ரோல் பேனல்கள் அதைத் தாமே உயர்த்தத் தொடங்கியபோது, ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு காலத்தில், அது விழுந்தது. இன்று ஒரு சர்வரில் தவறுதலாக அழிக்கப்பட்ட ஸோன், ஒத்திசைவு சீராக இயங்கினால், உலகின் மறுகோடியிலுள்ள சர்வரிலிருந்தும் அழிந்துவிடும். தொலைவு இங்கே உதவுவதில்லை.

எனவே பல சர்வர்களை நடத்துவோர் ஸோன் கோப்புகளின் தேதியிட்ட நகல்களை ஒத்திசைவுக்கு வெளியே வைத்திருக்க வேண்டும். அவற்றிலிருந்து மீட்கும்போது வரிசை எண்ணை இப்போது புழக்கத்திலுள்ள எண்ணைவிட உயர்த்தியே ஏற்ற வேண்டும்; பழைய எண்ணோடு ஏற்றினால், பழைய விதிப்படியே இயங்கும் துணை சர்வர்கள் மீட்கப்பட்ட கோப்பை எடுக்காமல் பிழையான நகலையே தொடர்ந்து வழங்கும்.