சுரங்கம் காட்டும் தாலரும் சுரங்கம் காட்டா ரூபாயும்

1. வினா

பழைய புணேயில், பேஷ்வாக்கள் காலத்தில் அங்குசி ரூபாய் அடிக்கப்பட்டது. யானைப்பாகனின் அங்குசம் அதன் அடையாளம். ஊர் 'முஹியாபாத் பூனா'. அரசர் பெயர் மட்டும் டெல்லி பாதுஷா ஷா ஆலமுடையது. அதே 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் வெளியான வெள்ளித் தாலர்களில் சுரங்கக் கட்டடங்களையே செதுக்கினார்கள். ரெகன்போகன் சுரங்கத்தின் தாலரில் அவற்றுக்கு மேலே வானவில் வளைந்திருக்கும். ரூபாயில் ஏன் ஒரு சுரங்கமும் இல்லை?

2. ஹார்ஸ் தாலர்

அங்கே குழி, உருக்காலை, அக்கசாலை மூன்றும் நாட்டை ஆண்ட பிரபுவின் பிடியில் இருந்தன. எடுத்த வெள்ளியை அவர் குறித்த விலைக்கு அவரிடமே விற்றாக வேண்டும். சுரங்கத்தின் உரிமை 'குக்ஸ்' எனும் பங்குகளாகப் பிரிந்திருந்தது. லாபம் வந்தால் பங்காளிகளுக்கு ஆதாயம். நட்டம் வந்தால் அவர்களே கைப்பணம் கட்ட வேண்டும். பல ஆண்டுகள் பணத்தை விழுங்கிய குழி ஒருநாள் ஆதாயம் தந்தால் அதை ஊரறியச் சொல்லாமல் விடுவார்களா? சுரங்கத் தாலர் அந்த அறிவிப்புதான். அடுத்த பங்காளியை இழுக்கும் விளம்பரமும்கூட என்பது என் கருத்து. லாவுடன்தால் ஊர்ச் சுரங்கத்தின் நாணயத்தில் வீணை போன்ற நரம்புக்கருவி மீட்டும் பெண் நிற்கிறாள். பிற்காலத்தில் இந்த ஆடம்பரம் சுருங்கியது. 1826 முதல் பிரஷியத் தாலர்கள் சில, 'மான்ஸ்பெல்ட் சுரங்கத்தின் அருள்' என்ற வாசகத்தோடு நின்றுவிட்டன.

3. ரூபாயின் வெள்ளி

உதய்ப்பூருக்குத் தெற்கே ஜாவரில் ஈயம், துத்தநாகத்தோடு வெள்ளியும் கிடைத்தது உண்மை. ஆனால் ரூபாயின் பசிக்கு அது எம்மட்டு? பெரும்பங்கு வெள்ளி கடல்வழி வந்தது. 1545இல் கண்டறியப்பட்ட பொட்டோசி உள்ளிட்ட அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளி, ஸ்பானிய ரியாலாகச் சூரத்தில் இறங்கி, உருகி, ரூபாயாயிற்று. வணிகர் வெள்ளியைக் கொண்டுவந்து கூலி கொடுத்தால் அக்கசாலை முத்திரை குத்தித் தரும். குழி யாருடையது என்பது அங்கே யாருக்கும் வேண்டாத செய்தி.

வேண்டியது வேறு. பழைய ஆண்டு ரூபாய்க்கும் வெளியூர் ரூபாய்க்கும் காசு மாற்றும் சராபுகள் வட்டம் பிடித்தார்கள். ஆகவே எந்த அக்கசாலை, எந்த ஆண்டு என்பதே கையிலிருக்கும் காசின் விலையைத் தீர்மானித்தது. அங்குசமும் ஊர்ப்பெயரும் அந்தக் கேள்விக்கான விடைகள். ரூபாயில் சுரங்கம் இல்லாததை, நம் முன்னோர் சுரங்கத் தொழிலை மதிக்கவில்லை என்று படிப்பது அவசரப் படிப்பு.

4. பம்பாய்த் தாலர்

அக்கசாலையையும் ஆண்டையும் உள்ளபடி சொல்லாத காசும் உண்டு. 1940–41இல் பம்பாய் அக்கசாலை, ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் தாலர்களை அடித்தது. செங்கடல் ஓரத்திலும் எத்தியோப்பியாவிலும் மக்கள் நம்பிய காசு அதுவே. போர்க்காலத்தில் பிரிட்டனுக்கு அது தேவைப்பட்டது. எடை சுமார் 28 கிராம். நாணயத்தில் பொறித்த ஆண்டு 1780. பம்பாய் என்ற பெயர் அதில் எங்கும் இல்லை.